ரத்தப் பிரிவு ஒன்று, கிராஸ் மேட்ச் மட்டும் ஏன் பாசிட்டிவ்?

கேள்வி: என் மனைவிக்கு வயது 43. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, ஒன்றரை ஆண்டுகளாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. தொடக்கத்தில் ஹீமோகுளோபின் மிகவும் குறைந்ததால் மூன்று முறை ரத்தம் ஏற்றினார்கள். என் சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வந்தேன். இருவருக்கும் ஓ பாசிட்டிவ். அவள் என் சொந்த அத்தை மகளும்கூட. ஆனால் ‘கிராஸ் மேட்ச் பாசிட்டிவ், உங்களுடையது வேண்டாம்’ என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். பாசிட்டிவ் என்றதும் பொருந்திவிட்டது என்றே நினைத்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ரத்தமும் ஒன்று, சொந்தமும் ஒன்று என்றிருக்க, என் சிறுநீரகத்தை அந்நியம் என்று அவள் உடல் எதை வைத்துக் கண்டுகொள்கிறது? அந்த அடையாளத்தை நீக்கிவிட முடியாதா? 22 வயது மகனும் 20 வயது மகளும் ‘நாங்கள் தருகிறோம்’ என்கிறார்கள். அவளுடைய தம்பிக்கு ‘ஆறில் மூன்று’ பொருத்தம் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்யவேண்டும்? தன் உடம்பில்தான் ஏதோ குறை என்று அவள் அழுகிறாள்.

பதில்: அன்புள்ள ஐயா, வணக்கம்.

முதலில் அந்தச் சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இந்தப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்றால் பொருந்துகிறது என்று பொருள் அல்ல. உங்கள் செல்களைத் தாக்கக்கூடிய எதிர்ப்பொருள் உங்கள் மனைவியின் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்றே பொருள். திசுப் பொருத்தம் பார்க்கும் ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஒரு சொல் ஏற்படுத்தும் குழப்பத்தை வாரந்தோறும் பார்க்கிறேன். அறிக்கையைக் கையில் கொடுக்கும்போதே அதன் பொருளையும் சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும். சொல்லாதது எங்கள் துறையின் தவறு, உங்களுடையது அல்ல.

ரத்தப் பிரிவு என்று நாம் சொல்வது சிவப்பணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஒருசில அடையாளங்களை மட்டுமே. ஏ, பி என்பவை அங்கே ஒட்டியிருக்கும் சர்க்கரைக் கண்ணிகள். ஓ பிரிவினருக்கு அவ்விரண்டும் இல்லை. உங்கள் இருவருக்கும் அந்த வகையில் தடை எதுவும் இல்லை என்பது உண்மைதான், அது நல்ல செய்தியும்கூட. ஆனால் சிறுநீரகத்தை ஏற்பதா தள்ளுவதா என்ற முடிவு பெருமளவு வேறொரு அடையாளத்தைப் பொறுத்தது. உடலில் உட்கருவுள்ள ஏறக்குறைய எல்லாச் செல்களின் மேற்பரப்பிலும் பல்லாயிரக்கணக்கில் நிற்கும் எச்.எல்.ஏ. என்ற புரதங்களே அந்த அடையாளம். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை, இந்தப் புரதமும் அதில் மிகச் சொற்பமே. எனவே ரத்தப் பிரிவுப் பரிசோதனை எச்.எல்.ஏ. பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை.

இந்தப் புரதங்கள் உறுப்பு மாற்றுச் சிகிச்சையைக் கெடுப்பதற்காக உண்டானவை அல்ல. செல்லின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியே காட்டுவதே அவற்றின் அன்றாட வேலை. செல்லுக்குள் உருவாகும் புரதங்கள் ஓயாமல் நறுக்கப்படுகின்றன; அப்படிக் கிடைக்கும் துணுக்குகளில் எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் நீளமுள்ளவற்றை எச்.எல்.ஏ. புரதம் தன் மேல்பகுதியில் ஏந்திக்கொண்டு மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது. அங்கே சுற்றிவரும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் தம் மேற்பரப்பில் உள்ள ஏற்பிப் புரதத்தால் அதைத் தடவிப் பார்க்கின்றன. வழக்கமான துணுக்கு என்றால் நகர்ந்துவிடுகின்றன. வைரஸ் ஒன்று செல்லுக்குள் புகுந்து தன் புரதத்தைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தால் அதன் துணுக்கும் வெளியே வந்து நிற்கும், அதைக் கண்ட டி செல் அந்தச் செல்லைக் கொன்றுவிடும். இது முதல் வகுப்பு எச்.எல்.ஏ.யின் வேலை, ஏ, பி, சி என்பவை இதில் அடங்கும். டி.ஆர்., டி.கியூ., டி.பி. என்ற இரண்டாம் வகுப்பு, நோய் எதிர்ப்பு அமைப்பின் சில செல்களில் சிறப்பாகக் காணப்படுவது. வெளியிலிருந்து விழுங்கிய பொருளின் துணுக்குகளை உதவி டி செல்களுக்குக் காட்டி, எதிர்ப்பொருள் உற்பத்திக்கு அனுமதி பெற்றுத்தருவது அது.

ஆக, டி செல் அந்நியப் பொருளைத் தனியாகப் பார்ப்பதில்லை. தன் உடலின் எச்.எல்.ஏ. ஏந்திக் காட்டினால்தான் பார்க்கும். இதை 1974இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ரோல்ஃப் சிங்கர்நாகல், பீட்டர் டோஹர்ட்டி இருவரும், எச்.எல்.ஏ.வுக்கு இணையான புரதங்கள் பிரிவுக்குப் பிரிவு மாறும் எலிகளில் காட்டினார்கள். வைரஸ் தொற்றிய ஒரு எலியின் கொல்லும் டி செல்கள், அதே இனப் பிரிவைச் சேர்ந்த எலியின் தொற்றுள்ள செல்களையே கொன்றன; அதே வைரஸ் தொற்றியிருந்தும், வேறு பிரிவு எலியின் செல்களைக் கண்டுகொள்ளவில்லை. 1996இல் இதற்காக இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1987இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பமேலா பியோர்க்மேனும் அவருடைய சக ஆய்வாளர்களும் எச்.எல்.ஏ. ஏ2 என்ற புரதத்தின் வடிவத்தை எக்ஸ் கதிர் மூலம் வரைந்தபோது, அது கண்ணுக்கே தெரிந்தது: இருபுறமும் வரப்பு, நடுவே வாய்க்கால், அந்த வாய்க்காலுக்குள் ஏதோ ஒரு துணுக்கு படுத்திருந்த தடம்.

இந்த வாய்க்காலின் வடிவம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எச்.எல்.ஏ. மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. உலக மக்களிடம் இதுவரை பெயரிடப்பட்ட அவற்றின் வடிவங்கள் 30,000க்கும் மேல். ஒருவருடைய வாய்க்காலில் உட்காராத வைரஸ் துணுக்கு இன்னொருவருடையதில் உட்காரும் என்பதால், எந்தக் கொள்ளைநோயும் ஊரையே ஒரே மாதிரி ஏமாற்றிவிட முடியாது. சமுதாயத்தைக் காக்கும் இதே பன்மைதான் ஒருவரின் உறுப்பை இன்னொருவருக்கு வைக்கும்போது தடையாகிறது.

‘எதை வைத்துக் கண்டுகொள்கிறது’ என்று கேட்டீர்களே, இனி அதற்கு வருகிறேன். நம் டி செல்கள் மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் பழக்கப்படுகின்றன. சொந்த எச்.எல்.ஏ.வோடு மூர்க்கமாக மோதுபவை அங்கேயே அழிக்கப்படும், அளவோடு பழகுபவை வெளியே அனுப்பப்படும். ஆனால் இந்தப் பயிற்சி முழுவதும் சொந்த எச்.எல்.ஏ.வை வைத்து மட்டுமே நடக்கிறது. பிறருடைய எச்.எல்.ஏ.வை அங்கே எந்த டி செல்லும் பார்த்ததில்லை. எனவே இன்னொருவரின் சிறுநீரகத்தில் உள்ள எச்.எல்.ஏ., துணுக்கோடு சேர்ந்து, ‘நம்முடையதுதான், ஆனால் தொற்றுக்கு உள்ளானது’ என்பது போன்ற தோற்றத்தைத் தருகிறது. ஒரு குறிப்பிட்ட வைரஸ் துணுக்கை முதன்முறையாக அடையாளம் காணக்கூடிய டி செல்கள் லட்சத்தில் ஒன்று என்ற அளவிலேயே இருக்க, பிறருடைய எச்.எல்.ஏ.வைக் கண்டு கிளர்ந்தெழக்கூடியவை நூற்றில் ஒன்று முதல் பத்து வரை இருக்கும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளைத் தவறாமல் உட்கொள்ளவேண்டியிருப்பது இந்தப் படையை அடக்கிவைப்பதற்காகத்தான்.

ஆனால் உங்கள் மனைவியின் சிக்கல் அந்த டி செல்கள் அல்ல. அவற்றை மருந்தால் அடக்க முடியும். உங்கள் எச்.எல்.ஏ.வை எதிர்க்கும் எதிர்ப்பொருள் அவருடைய ரத்தத்தில் இப்போதே மிதந்துகொண்டிருப்பதே சிக்கல். முன்பின் சந்திக்காத ஒன்றுக்கு இத்தகைய எதிர்ப்பொருள் பொதுவாக உருவாவதில்லை. அப்படியானால் உங்கள் செல்களை அவருடைய உடல் எங்கே சந்தித்தது?

உங்கள் பிள்ளைகள் மூலம் சந்தித்திருக்கவேண்டும். குழந்தையின் எச்.எல்.ஏ.வில் ஒரு பாதி தாயுடையது, மறு பாதி தந்தையுடையது. கர்ப்ப காலத்திலும், குறிப்பாகப் பிரசவத்தின்போதும், குழந்தையின் செல்கள் சிறிதளவு தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் உங்களிடமிருந்து வந்த எச்.எல்.ஏ. இருக்கிறது, தாயின் உடல் அதைக் குறித்துவைத்துக்கொண்டு எதிர்ப்பொருள் செய்கிறது. எல்லாத் தாய்மாருக்கும் இப்படி நேர்வதில்லை, பிரசவங்கள் கூடக் கூட வாய்ப்பு கூடும். வயிற்றில் உள்ள குழந்தையை இது பெரும்பாலும் பாதிப்பதில்லை, ஏனெனில் நச்சுக்கொடியில் தாயின் ரத்தத்தைத் தொட்டு நிற்கும் செல்கள் ஏ, பி, டி.ஆர். வகை எச்.எல்.ஏ.வை வெளிக்காட்டுவதே இல்லை.

இந்தத் துறையே தாய்மாரின் ரத்தத்திலிருந்துதான் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது. 1958இல் பாரிஸில் ஜான் டொசே, பலமுறை ரத்தம் ஏற்றப்பட்டவர்களிடம் பிறருடைய வெள்ளையணுக்களைத் திரளச் செய்யும் எதிர்ப்பொருளைக் கண்டு, முதல் எச்.எல்.ஏ. அடையாளத்தை விவரித்தார், பின்னாளில் ஏ2 என்று பெயர்பெற்று, வரப்பும் வாய்க்காலுமாக வரையப்பட்டது அதுதான். அதே ஆண்டில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஜான் வான் ரூடும், அமெரிக்காவில் ரோஸ் பெய்னும் பிள்ளை பெற்ற பெண்களின் ரத்தத்தில் இதே போன்ற எதிர்ப்பொருள்களைக் கண்டார்கள். அதன்பின் பல ஆண்டுகள், உலகமெங்கும் திசுப் பொருத்தம் பார்க்கப் பயன்பட்ட சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) பெரும்பகுதி பல பிள்ளை பெற்ற தாய்மார் கொடுத்ததே. ஆகவே, உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள்: அவருடைய உடம்பில் குறை எதுவும் இல்லை, உங்கள் சிறுநீரகத்திலும் குறை எதுவும் இல்லை. அந்த ‘பாசிட்டிவ்’ பெரும்பாலும் அவர் உங்கள் இரு பிள்ளைகளைச் சுமந்ததன் தடம். டயாலிசிஸ் தொடக்கத்தில் ஏற்றிய ரத்தத்தில் இருந்த வெள்ளையணுக்கள் அந்தப் பழைய நினைவைத் தட்டி எழுப்பியிருக்கவும் கூடும்.

பரிசோதனை எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கண்முன் கண்டால் நம்பிக்கை வரும். உங்கள் ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களில் ஒரு வகையை மட்டும் பிரித்தெடுப்போம். உள்ளங்கை அளவுள்ள பிளாஸ்டிக் தட்டில் எள்ளளவு குழிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் உங்கள் மனைவியின் சீரம் ஒரு மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் உங்கள் செல்களை விட்டு, சற்று நேரம் கழித்து முயலின் சீரத்தைச் சேர்ப்போம். எதிர்ப்பொருள் உங்கள் எச்.எல்.ஏ.வைப் பற்றியிருந்தால், முயல் சீரத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொகுதி அந்த இடத்தில் செல்லின் சவ்வைத் துளைத்துவிடும். பிறகு இரண்டு சாயங்களைக் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், உயிருள்ள செல் பச்சையாகவும் இறந்தது சிவப்பாகவும் ஒளிரும். குழி பச்சைப்பசேல் என்று இருந்தால் நெகட்டிவ். அறுவை சிகிச்சைக்குப் போகலாம். செக்கச்செவேல் என்று இருந்தால் பாசிட்டிவ்.

அந்தச் சிவப்பை நாங்கள் ஏன் இவ்வளவு அஞ்சுகிறோம் என்பதற்கு 1969ஆம் ஆண்டின் கணக்கு ஒன்று போதும். லாஸ் ஏஞ்சலிஸில் படேல், பால் டெராசாகி இருவரும் அதுவரை நடந்த மாற்றுச் சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கிராஸ் மேட்ச் நெகட்டிவாக இருந்த 195 பேரில் 8 பேருக்கே சிறுநீரகம் உடனடியாகப் பழுதானது. பாசிட்டிவாக இருந்த 30 பேரில் 24 பேருக்குப் பழுதானது. தட்டில் நடந்ததே உடலுக்குள்ளும் நடக்கும். தைத்து முடித்து ரத்தம் பாய்ந்ததும், சிறுநீரக ரத்தக்குழாய்களின் உள்சுவரில் இருக்கும் எச்.எல்.ஏ.வை எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும், குழாய்கள் உறைந்து அடைபடும், இளஞ்சிவப்பாக மாறவேண்டிய சிறுநீரகம் நிமிடங்களிலோ மணிகளிலோ நீலம் பாரித்துப்போகும். உங்களை அறுத்து எடுத்த ஒரு நல்ல சிறுநீரகம் யாருக்கும் பயனின்றிப் போகும். உங்களுக்கு மறுத்த மருத்துவர்கள் சரியாகவே செய்தார்கள்.

‘ரத்த சொந்தம்’ என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. எச்.எல்.ஏ. மரபணுக்கள் பெரும்பாலும் ஒரே கட்டாக இறங்குகின்றன. ஒவ்வொருவருக்கும் தந்தையிடமிருந்து ஒரு கட்டு, தாயிடமிருந்து ஒரு கட்டு. உடன்பிறந்த இருவருக்கு இரு கட்டுகளும் ஒன்றாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு, ஒரு கட்டு மட்டும் ஒன்றாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, எதுவுமே ஒன்றாமல் போக நான்கில் ஒரு வாய்ப்பு. அத்தை மகள், மாமன் மகன் உறவில் ஒரு கட்டு பொதுவாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்புதான். நம் குடும்பங்களில் சொந்தத்தில் திருமணம் நடப்பதால், கணவன் மனைவிக்குள் பாதிப் பொருத்தம் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பொதுக் கட்டு இருந்தாலும், மற்றக் கட்டுக்கு எதிராக எதிர்ப்பொருள் இருந்தால் கிராஸ் மேட்ச் பாசிட்டிவ்தான்.

மைத்துனருக்குச் சொன்ன ‘ஆறில் மூன்று’ இதே கணக்குதான்: ஏ, பி, டி.ஆர். ஆகிய மூன்றுக்கும் இரண்டிரண்டு என ஆறு அடையாளங்கள். அவற்றில் ஒரு கட்டு அக்காவுக்கும் தம்பிக்கும் பொது. மூன்று என்ற எண்ணைக் கேட்டுச் சோர்ந்துவிடாதீர்கள். இன்றைய மருந்துகளோடு ஆறில் மூன்று என்பது நன்றாகவே செல்லுபடியாகும் பொருத்தம். அவருடைய மறு கட்டில் இருக்கும் எச்.எல்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள் அக்காவிடம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் முக்கியம். உங்களுடைய அடையாளங்களில் ஒன்றை அவரும் தற்செயலாகக் கொண்டிருந்தால் அவருக்கும் பாசிட்டிவ் வரலாம். இல்லையென்றால் நெகட்டிவ் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவரோடு கிராஸ் மேட்ச் செய்துவிட்டீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. செய்யவில்லை என்றால் அடுத்த வேலை அதுதான்.

மகனையும் மகளையும் பற்றி எழுதுவதற்கு எனக்கே மனம் கனக்கிறது. அவர்களிடம் இருக்கும் ஒரு பாதி உங்களுடையது; எந்த அடையாளத்தை எதிர்த்து அந்த எதிர்ப்பொருள் உருவானதோ, அதையே அவர்கள் தாங்கியிருக்கக்கூடும். உங்களுடைய இரு கட்டுகளில் எது யாருக்கு இறங்கியது என்பதைப் பொறுத்து ஒருவருக்குப் பாசிட்டிவும் மற்றவருக்கு நெகட்டிவும் வரலாம். இருந்தாலும், வாழ்க்கையைத் தொடங்கும் வயதில் இருக்கும் பிள்ளைகளை, குறிப்பாக இனித் தாயாகப்போகும் மகளை, மற்ற வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகே கருதவேண்டும் என்பது என் கருத்து. ‘அம்மாவுக்குக் கொடுக்க முடியவில்லையே’ என்று அவர்கள் பின்னாளில் வருந்தாமல் இருக்க, காரணத்தை இப்போதே அவர்களிடம் விளக்கிவிடுங்கள்.

அடையாளத்தை நீக்கிவிட முடியாதா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி, ஆராய்ச்சியாளர்களும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் நம் உடலில் என்.கே. செல்கள் என்ற இன்னொரு காவல் உண்டு; எச்.எல்.ஏ. இல்லாத செல்லைக் கண்டால் அவை சந்தேகப்பட்டுக் கொல்லும். சைட்டோமெகலோ போன்ற வைரஸ்கள் தம் துணுக்கு வெளியே தெரியாதிருக்க எச்.எல்.ஏ.வையே மேற்பரப்பிலிருந்து இறக்கிவிடுவதுண்டு, அந்தத் தந்திரத்துக்கு எதிரான காவல் இது. ஆகவே முழுவதும் துடைத்துவிட்டாலும் ஆபத்து. இன்றைய சிகிச்சையில் அதற்கு வழியில்லை.

இனி நீங்கள் செய்யவேண்டியவை. உங்கள் மருத்துவரிடம், பாசிட்டிவ் வந்தது உங்கள் டி செல்லிலா, பி செல் என்ற மற்றொரு வகை வெள்ளையணுவிலா, டைத்தயோத்ரெய்டால் (DTT) என்ற வேதிப்பொருளைச் சேர்த்த பிறகும் பாசிட்டிவாகவே இருந்ததா என்று கேளுங்கள். அதைச் சேர்த்ததும் நெகட்டிவாக மாறினால், தீங்கற்ற ஐ.ஜி.எம். வகை எதிர்ப்பொருளாக இருக்க வாய்ப்புண்டு, அப்போது கதையே மாறிவிடும். அடுத்து, லுமினெக்ஸ் கருவியில் செய்யப்படும் ஒற்றை ஆன்டிஜென் மணிப் பரிசோதனை. நுண்ணிய மணி ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஒரு எச்.எல்.ஏ. மட்டும் பூசப்பட்டிருக்கும், எந்தெந்த எச்.எல்.ஏ.வுக்கு எதிராக, எவ்வளவு வலுவான எதிர்ப்பொருள் இருக்கிறது என்பது அதில் தனித்தனியாகத் தெரிந்துவிடும். செலவு கூடுதல்தான், ஆனால் இனி யாருடைய சிறுநீரகம் ஒத்துவரும் என்பதை இருட்டில் துழாவாமல் சொல்ல இது ஒன்றே வழி.

மைத்துனரும் பொருந்தவில்லை என்றால் பரிமாற்றச் சிகிச்சை இருக்கிறது. உங்களைப் போலவே பொருந்தாத இன்னொரு குடும்பத்தோடு, உங்கள் சிறுநீரகம் அவர்களுக்கும் அவர்களுடையது உங்கள் மனைவிக்கும் என்று மாற்றிக்கொள்வதற்கு 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011இல் செய்யப்பட்ட திருத்தம் இடமளிக்கிறது. கொடுக்கவேண்டும் என்ற உங்கள் விருப்பம் இப்படியும் நிறைவேறலாம். இவற்றோடு, தமிழ்நாட்டில் டிரான்ஸ்டான் என்ற அரசு ஆணையம் நடத்தும் காத்திருப்போர் பட்டியலில் உங்கள் மருத்துவமனை வழியாக இப்போதே பதிந்துவையுங்கள். மற்ற முயற்சிகள் முடியட்டும் என்று தள்ளிப்போடவேண்டாம். பிளாஸ்மா மாற்றம் செய்தும் இம்யூனோகுளோபுலின் ஏற்றியும் எதிர்ப்பொருளைக் குறைத்துவிட்டு, உங்கள் சிறுநீரகத்தையே வைப்பதும் சில இடங்களில் நடக்கிறது. எதிர்ப்பொருள் வலுக் குறைந்ததாக இருந்தால் மட்டுமே அதை நினைக்கலாம். செலவும் தொற்று அபாயமும் மிகுதி என்பதால், தம்பியோ பரிமாற்றமோ வாய்க்கும்போது அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கடைசியாக, இனி ரத்தம் ஏற்றுவதைத் தவிர்க்க முடிந்தவரை பாருங்கள். ரத்தசோகைக்கு எரித்ரோபாய்டின் ஊசியும் இரும்புச்சத்தும் முறையாகப் போடப்படுகின்றனவா என்று டயாலிசிஸ் பிரிவில் கேளுங்கள். உயிர் காக்க ரத்தம் தேவை என்று மருத்துவர் சொன்னால் தயங்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள், ஆனால் வெள்ளையணு நீக்கப்பட்ட ரத்தமாகக் கேளுங்கள். ஏற்றிய தேதியைக் குறித்துவைத்து, மாற்றுச் சிகிச்சைக் குழுவிடம் கட்டாயம் சொல்லுங்கள். புதிய எதிர்ப்பொருள் இரண்டு மூன்று வாரங்களில் தலைதூக்கலாம். அதனால், தம்பியோடு இப்போது நெகட்டிவ் வந்தாலும் அறுவை சிகிச்சைக்குச் சில நாட்கள் முன்பு புதிதாக எடுத்த ரத்தத்தில் கிராஸ் மேட்ச்சை இன்னொரு முறை செய்துபார்ப்பார்கள். அதைக் கண்டு உங்கள் மனைவி பதறவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.